எஸ். பாலச்சந்தர்

இக்கட்டுரை வீணைக் கலைஞரும் திரைப்பட இயக்குநருமான எஸ். பாலச்சந்தர் பற்றியது. நீர்க்குமிழி, அபூர்வ ராகங்கள் முதலிய படங்களை இயக்கியவர் கே. பாலச்சந்தர், அவர் வேறொருவர்.

சுந்தரம் பாலச்சந்தர் (ஜனவரி 18, 1927 – ஏப்ரல் 13, 1990) தமிழ்நாட்டைச் சேர்ந்த வீணைக் கலைஞர், திரைப்பட இயக்குநர், நடிகர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர் ஆவார். இசையுலகில் வீணை பாலச்சந்தர் என்றும், பழைய திரைப்பட விளம்பரங்களில் எஸ். பாலச்சந்தர் என்றும் அறியப்பட்டவர். தமிழில் பாடல்களே இல்லாமல் வெளிவந்த முதல் பேசும்படமான அந்த நாள் (1954) இவர் எழுதி இயக்கியதாகும். கைதி, அவனா இவன், பொம்மை, நடு இரவில் ஆகியவை இவர் இயக்கிய பிற படங்களுள் குறிப்பிடத்தக்கவை. இந்திய அரசின் பத்மபூசண் விருதை 1982 ஆம் ஆண்டு பெற்றார்.

இவர் திரையுலகில் இருந்த காலம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். இயக்கிய படங்களோ பத்துக்கும் குறைவு. அவற்றுள் அந்த நாள் ஒன்றே பரவலாகப் பேசப்படுகிறது. மற்றவை பழைய படங்களைத் தேடிப் பார்ப்போர் மட்டுமே அறிந்தவையாக உள்ளன.

இளமைக் காலம்

பாலச்சந்தர் சென்னையில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். இசையிலும் கலைகளிலும் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். மயிலாப்பூரில் இருந்த இவர்களது வீட்டிற்கு இசைவாணர்கள் வந்து போவது வழக்கமாக இருந்தது. பிற்காலத்தில் தமிழிசை உலகில் பெரும்புகழ் பெற்ற பாபநாசம் சிவனும் அவர்களுள் ஒருவர். பாலச்சந்தரின் அண்ணன் எஸ். ராஜம் (1919 – 2010) பாடகர், ஓவியர், நடிகர். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மும்மூர்த்திகளின் உருவமாக இன்று வீடுகளிலும் சபாக்களிலும் மாட்டப்பட்டுள்ள படங்களுள் பெரிதும் புழக்கத்தில் உள்ளவை ராஜம் வரைந்தவையே. அக்காள் எஸ். ஜெயலட்சுமி, எம். கே. தியாகராஜ பாகவதருடன் சிவகவி (1943) படத்தில் நடித்தவர்.

இக்குடும்பம் முழுவதும் ஒரே படத்தின் மூலம் திரைக்கு வந்தது என்பது சுவையான செய்தி. பிரபாத் நிறுவனம் தயாரித்து பாபுராவ் பெந்தார்க்கர் இயக்கிய சீதா கல்யாணம் (1934) என்ற தமிழ்ப் படத்தில் ராஜம் இராமனாகவும், ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தை சுந்தரம் ஐயர் சனகராகவும் நடித்தனர். உடன்பிறந்த அண்ணனும் தங்கையும் கணவன் மனைவியாக நடிப்பதா என்று அக்காலத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பாபநாசம் சிவன் திரைப்படத்துறையில் அடியெடுத்து வைத்ததும் இப்படத்தின் மூலமே. இராவணனின் அவையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் தோன்றியவர் பாலச்சந்தர். அப்போது அவருக்கு வயது ஏழு.

கஞ்சிராவை அவர் கற்றது ஐந்தாறு வயதில். அதன்பின் தபேலா, மிருதங்கம், ஆர்மோனியம், தில்ரூபா, சிதார் என ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். எதையும் குருவிடம் முறையாகப் பாடம் கேட்டுப் பயின்றதில்லை. அண்ணனின் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்தும், கேட்டதைத் தானே வாசித்துப் பார்த்தும் கற்றவை இவை. சதுரங்க ஆட்டத்திலும் சிறுவயதிலேயே கைதேர்ந்தவராக இருந்தார்.

1940களின் தொடக்கத்தில், பதினாறு வயதுகூட நிரம்பாத நிலையில், சென்னை வானொலி நிலையத்தில் நிலையக் கலைஞராகச் சேர்ந்தார். பல வாத்தியங்களைக் கையாளத் தெரிந்தவர் என்பதால் அவ்வேலை எளிதாகக் கிடைத்தது. அங்கிருந்த காலத்தில்தான் வீணை அவரை ஈர்த்தது. மற்ற வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு அதில் மட்டும் கவனம் செலுத்தலானார். சில ஆண்டுகளிலேயே வீணையில் தனிக்கச்சேரி செய்யும் நிலையை எட்டினார். வீணை தனம்மாள், காரைக்குடி சகோதரர்கள் என்று பரம்பரையும் பாணியும் வைத்து வீணைக் கலைஞர்களை மதிப்பிட்டு வந்த காலம் அது. குரு பெயர் சொல்ல இயலாத ஓர் இளைஞர் அந்த வரிசையில் வந்து அமர்ந்ததை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

நடிகராக

வாலிப வயதில் பாலச்சந்தர் கதாநாயகனாகத் திரைக்குத் திரும்பினார். கிருஷ்ண கோபால் இயக்கிய இது நிஜமா (1948) படத்தில் இரட்டை வேடம் ஏற்றதோடு இசைப் பொறுப்பையும் கவனித்தார். டேனி கே நடித்து 1945 இல் வெளிவந்த ஒண்டர் மேன் என்ற ஆலிவுட் நகைச்சுவைப் படத்தைத் தழுவியது இது. கொலையுண்டவனின் ஆவி, அவனைப் போன்றே உருவம் கொண்டவனின் உதவியை நாடுவதே கதை. புராணப் படங்களும் அரச கதைகளும் மிகுந்திருந்த தமிழ்த் திரையில், நகரத்து உடையணிந்து, இயல்பாகப் பேசி நடிக்கும் நாயகனாக அவர் தெரிந்தார்.

அதே ஆண்டில் வெளிவந்த என் கணவர் படத்தில் நடிப்பு, இசை ஆகியவற்றுடன் இயக்கமும் அவருடையதே. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. கதாநாயகியாக நடித்தவர் வி. என். ஜானகி, பின்னாளில் தமிழக முதலமைச்சராகச் சிறிது காலம் இருந்தவர்.

1951 ஆம் ஆண்டில் அவர் நடித்த படங்கள் தொடர்ந்து வந்தன. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவலைத் தழுவிய ராஜாம்பாள் படத்தில் வில்லன் வேடம் ஏற்றார். ஆர். எஸ். மனோகர் நாயகனாக அறிமுகமான படம் இது என்பது இன்று வியப்பளிக்கும். பிற்காலத்தில் வில்லன் என்றாலே மனோகர் என்று ஆயிற்று. ஜுபிடர் நிறுவனத்தின் கைதி படத்தைப் பாலச்சந்தரே இயக்கி நாயகனாக நடித்தார். எல். வி. பிரசாத் இயக்கிய ராணி (1952) படத்தில் பி. பானுமதிக்கு இணையாக நடித்தார். ஏவிஎம் நிறுவனத்தின் பெண் (1954) படத்தில் ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, அஞ்சலிதேவி ஆகியோருடன் நடித்தார். இப்படத்தில் பாலச்சந்தருக்காக ஜே. பி. சந்திரபாபு பின்னணி பாடிய திருமணப் பாடல் பெரும் வரவேற்பைப் பெற்றது. படம் மறந்துபோன பின்னரும் அப்பாடல் வானொலியில் நிலைத்தது. பாடுபவர் சந்திரபாபு என்பது பலருக்கும் தெரியும். திரையில் வாயசைப்பவர் ஒரு வீணை வித்துவான் என்பது சிலருக்கே தெரியும்.

அந்த நாள்

1930களின் தமிழ்ப் படங்களில் நாற்பது, ஐம்பது பாடல்கள் இடம்பெறுவது இயல்பாக இருந்தது. நாடக மேடையிலிருந்து வந்த வழக்கம் அது. 1950களில் எண்ணிக்கை குறைந்ததே தவிர, பாடல் இல்லாத தமிழ்ப் படம் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை. இந்தி மொழியில் நௌஜவான் (1937) என்ற படம் பாடல்களின்றி வெளிவந்திருந்தது. பேசும்படம் தோன்றி இருபதாண்டுகள் கடந்தும் தமிழில் அத்தகைய முயற்சி நிகழவில்லை. அதைச் செய்தவர் இசையையே வாழ்வாகக் கொண்ட ஒருவர்.

அகிரா குரோசாவா இயக்கிய ரசோமோன் (1950) என்ற சப்பானியப் படம் பாலச்சந்தரை மிகவும் பாதித்தது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறும் அதன் அமைப்பைக் கொண்டு அவர் ஒரு கதையை உருவாக்கி, ஏவி. மெய்யப்பனிடம் கொண்டு சென்றார். பாடல், நடனம், சண்டைக்காட்சி எதுவும் இராது என்ற நிபந்தனையுடன் கூடிய கதையை ஒரு வணிகத் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டது பெரிய செய்தியாகும். திரைக்கதை வசனத்தை ஜாவர் சீதாராமன் எழுதினார்.

நாயகன் தேர்வில் சிக்கல் ஏற்பட்டது. கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என். விஸ்வநாதனை நாயகனாகக் கொண்டு படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. (இவரே பின்னர் சத்யஜித் ராயின் காஞ்சன்ஜங்கா (1962) படத்தில் நடித்தவர்.) எடுத்தவரை போட்டுப் பார்த்த மெய்யப்பனுக்கு நிறைவு ஏற்படவில்லை. பராசக்தி மூலம் புகழடைந்திருந்த சிவாஜி கணேசனை வைத்து மீண்டும் எடுக்க வேண்டும் என்றார். பாலச்சந்தர் முதலில் மறுத்துவிட்டார். எடுத்த படச்சுருளை எரித்துவிடவும் தயாராக இருந்தார் தயாரிப்பாளர் என்று கூறப்படுகிறது. இறுதியில் இயக்குநர் இணங்க, படம் புதிதாக எடுக்கப்பட்டது. பாலச்சந்தர் தம் கருத்தை விட்டுக்கொடுத்த மிகச்சில நேரங்களுள் இது ஒன்று. அவ்விட்டுக்கொடுப்பு படத்திற்கு நன்மையாகவே முடிந்தது.

கதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், சென்னையில் நிகழ்கிறது. 1943 அக்டோபர் 11 அன்று சப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியது வரலாற்று நிகழ்வாகும். அதையடுத்து வரும் காலைப்பொழுதில் ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் தம் வீட்டில் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். நாயகன் பிணமாகவே அறிமுகமாகிறான் என்பது அன்றைய பார்வையாளருக்குப் பேரதிர்ச்சி. துப்பறியும் அதிகாரி சிவானந்தம் (ஜாவர் சீதாராமன்) வீட்டாரையும் அண்டை அயலாரையும் விசாரிக்கிறார். அண்டை வீட்டுச் சின்னையா பிள்ளை (பி. டி. சம்பந்தம்), ராஜனின் சகோதரன் பட்டாபி (டி. கே. பாலச்சந்திரன்) மீது ஐயம் கொள்கிறார். பட்டாபி தன் மனைவி ஹேமலதாவையே (மேனகா) காட்டிக் கொடுக்கிறான். ஹேமலதா, ராஜனுடன் தொடர்பிலிருந்த நாட்டியக்காரி அம்புஜத்தை (சூர்யகலா) சுட்டுகிறாள். அம்புஜமோ விரலைச் சின்னையா பிள்ளையிடமே திருப்புகிறாள். குற்றச்சாட்டு இவ்வாறு ஒரு வட்டமடித்து முதலில் பேசியவரிடமே வந்து சேர்கிறது. எஞ்சியிருப்பவர் ராஜனின் மனைவி உஷா (பண்டரிபாய்).

ரசோமோன் படத்தைப் பார்த்துச் செய்தது என்று கூறி இதை ஒதுக்குவோர் உண்டு. ஆயினும் இரண்டிற்கும் அடிப்படையில் வேறுபாடு உள்ளது. குரோசாவாவின் படத்தில் உண்மை எது என்பது கடைசிவரை உறுதியாவதில்லை. அந்த நாள் படத்தில் உண்மை உண்டு. அது வெளிப்படவும் செய்கிறது. ஒவ்வொருவர் சொல்வதும் பொய்யல்ல. அவரவர் அறிந்த ராஜனைத்தான் அவரவர் சொல்கின்றனர். எல்லாவற்றையும் சேர்த்த பின்னரே முழு ராஜன் தென்படுகிறான். (இனி வருவது கதையின் முடிவு.) ஏழைகளும் வாங்கத்தக்க மலிவான வானொலிப் பெட்டியைத் தான் கண்டுபிடித்தும் நாடு தன்னை மதிக்கவில்லை என்று மனம் கசந்தவன் அவன். எதிரிக்கு இரகசியங்களை அனுப்பும் ஒற்றனாக மாறுகிறான். நாட்டுப்பற்று மிக்க மனைவி அதை அறிந்து தடுக்க முயல்கையில் அவள் கைத்துப்பாக்கியின் குண்டுக்கு இரையாகிறான். கணவனே தெய்வம் என்பதைப் படத்திற்குப் படம் சொல்லிவந்த காலத்தில், மனைவி கணவனுக்கு எதிராக நாட்டின் பக்கம் நிற்பதாக எழுதியது துணிவே. ராஜனையும் முழுக் கொடியவனாக ஆக்கிவிடவில்லை. அவனுடைய கசப்பிற்குரிய காரணம் பார்வையாளருக்குப் புரியும்படியே சொல்லப்படுகிறது. சிவாஜி கணேசன் பிற்காலப் படங்களில் காட்டிய பெருங்குரல் நடிப்பு இதில் இல்லை. பண்டரிபாயின் நடிப்பு அவருக்குச் சற்றும் குறைந்ததன்று.

எஸ். மாருதிராவின் ஒளிப்பதிவு இப்படத்தின் மற்றொரு சிறப்பு. பாதி முகம் இருளிலும் பாதி ஒளியிலுமாகத் தெரியும் அண்மைக் காட்சிகளும் நீண்ட நிழல்களும் 1940களின் அமெரிக்கக் குற்றப் படங்களை நினைவூட்டுவன. பாடல் இல்லாததால் படத்திற்கு இசையமைப்பாளர் என்று தனியாக எவரும் இல்லை. ஏவிஎம் நிறுவனத்தைச் சார்ந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழுவே பின்னணி இசையை அளித்தது. தாம் நடித்த சிறிய படங்களுக்கும் இசையமைத்த பாலச்சந்தர், தம் தலைசிறந்த படத்தில் இசையிலிருந்து விலகி நின்றார். நடிக்கவும் இல்லை. குறை சொல்வதானால், உரையாடல்களில் மேடைப் பேச்சின் சாயல் ஆங்காங்கே எஞ்சியிருப்பதையும், நாட்டுப்பற்றுக் கருத்துகள் இறுதியில் சற்று நீள்வதையும் சொல்லலாம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. 1943 இல் பாலச்சந்தர் பதினாறு வயது இளைஞர். போர்க்காலச் சென்னையில் வானொலி நிலையத்தின் சூழலில் வளர்ந்தவர். 1942 இல் சப்பானியர் படையெடுப்பர் என்ற அச்சத்தில் நகரமே காலியானதை நேரில் கண்ட தலைமுறை அவருடையது. படம் வெளிவந்தபோது அந்த அச்சத்திற்குப் பன்னிரண்டு வயதுதான். திரையில் தெரிந்த இருட்டடிப்பும் பதற்றமும் பார்வையாளர் பலருக்குச் சொந்த நினைவாகவே இருந்திருக்கும்.

அந்த நாள் 1954 ஏப்ரல் 13 அன்று, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வெளியிடப்பட்டது. இதழ்கள் பாராட்டின. ஆனால் பாட்டும் கூத்தும் எதிர்பார்த்துக் கொட்டகைக்கு வந்தவர்கள் ஏமாற்றமடைந்தனர். வசூல் திருப்திகரமாக இல்லை. இரண்டாவது தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழ்ப் படங்களுக்கான வெள்ளிப் பதக்கம் மலைக்கள்ளன் படத்திற்குக் கிடைக்க, அந்த நாள் தகுதிச் சான்றிதழ் பெற்றது. அதன்பின் ஏவிஎம் இதனை மீண்டும் திரையிட்டது. பாடல் இல்லாத தமிழ்ப் படம் என்பது அதன்பின்னும் அரிதாகவே இருந்தது. பாலு மகேந்திராவின் வீடு (1988), கமல்ஹாசன் நடித்த குருதிப்புனல் (1995) போன்றவை பல பத்தாண்டுகள் கழித்து வந்தவை.

பிற்காலப் படங்கள்

தமிழில் தொடர்ந்து இத்தகைய வாய்ப்பு கிடைக்காத நிலையில், பாலச்சந்தர் தெலுங்கில் ஏதி நிஜம் (1956) படத்தை இயக்கினார். நாகபூஷணம், சௌகார் ஜானகி நடித்த இப்படமும் தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. கே. ஆர். இராமசாமி நடிப்பில் தொழிலாளர் வாழ்வைப் பேசும் அவன் அமரன் 1958 இல் வெளிவந்தது.

பிறர் பணத்தில் தாம் விரும்பிய படத்தை எடுப்பது இயலாது என்று உணர்ந்த அவர், எஸ். பி. கிரியேஷன்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு அவனா இவன் (1962). தயாரிப்பு, இயக்கம், இசை, முதன்மை வேடம் அனைத்தும் அவருடையவை. பெரிய நட்சத்திரங்கள் எவரும் இல்லாத மர்மப் படம் இது.

அடுத்து வந்த பொம்மை (1964), அவர் சொந்தமாகத் தயாரித்தவற்றுள் நன்கு அறியப்பட்டது. வணிகக் கூட்டாளியைத் தீர்த்துக்கட்ட எண்ணுபவர்கள், நடந்து பேசும் பொம்மை ஒன்றினுள் வெடிகுண்டை வைத்து, விமானப் பயணம் செல்லவிருக்கும் அவரிடம் கொடுத்தனுப்புகின்றனர். பொம்மையோ வழியில் தவறிப்போய், ஒன்றும் அறியாதவர்களின் கைகளில் மாறி மாறிச் சென்னை நகரைச் சுற்றி வருகிறது. குண்டு வெடிக்கக் குறித்த நேரம் நெருங்குகிறது. வெடிக்குமா என்பதைவிட, யார் கையில் இருக்கும்போது வெடிக்கும் என்பதே பார்வையாளரைத் துன்புறுத்தும் கேள்வி. எல். விஜயலட்சுமி, வி. எஸ். ராகவன் முதலியோர் நடித்தனர். படத்தில் பங்கேற்ற கலைஞர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் இறுதியில் திரையிலேயே அறிமுகம் செய்துவைத்தார் இயக்குநர். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் எழுந்து போகும் வழக்கத்தை அறிந்து செய்த ஏற்பாடு போலும்.

பொம்மை படத்தில் பாடல்கள் உண்டு. மனிதரைப் பொம்மையாக உருவகிக்கும் ஒரு பாடலைக் கேரளத்தைச் சேர்ந்த கே. ஜே. யேசுதாஸ் பாடினார். தமிழ்த் திரையில் யேசுதாஸை அறிமுகப்படுத்தியவர் பாலச்சந்தரே. எனினும் அதே ஆண்டு யேசுதாஸ் பாடிய காதலிக்க நேரமில்லை முந்திக்கொண்டு வெளிவந்துவிட்டது. பாடலே கூடாது என்பது பாலச்சந்தரின் கொள்கையன்று என்பதற்கு இப்படமே சான்று. கதை கேட்டால் பாடல் வைப்பார்; கேட்காவிட்டால் வைக்கமாட்டார்.

அவர் கடைசியாக இயக்கிய படம் நடு இரவில் (1970). தனித்த மாளிகை ஒன்றில் செல்வந்தர் குடும்பத்தின் உறவினர்கள் கூடியிருக்க, ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவலின் அமைப்பைத் தழுவிய கதை இது. மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், வி. எஸ். ராகவன் ஆகியோருடன் பாலச்சந்தர் மருத்துவராக நடித்தார். அந்த நாள் படத்தின் உஷாவாக நடித்த பண்டரிபாய்க்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு கனமான வேடத்தை இதில் அளித்தார். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பின்னர் இப்படத்திற்குப் புதிய இரசிகர்கள் கிடைத்தனர். இதன்பின் பாலச்சந்தர் திரைத்துறையை விட்டு முற்றிலும் விலகினார்.

வீணை

திரைப்படங்களில் பணியாற்றிய ஆண்டுகளிலும் பாலச்சந்தர் கச்சேரிகளை நிறுத்தவில்லை. 1960களில் அவர் புகழ் வெளிநாடுகளிலும் பரவியது. அமெரிக்காவில் வேர்ல்ட் பசிபிக் நிறுவனம் அவர் வாசிப்பை இசைத்தட்டாக வெளியிட்டது. மிருதங்கம் வாசித்தவர் உமையாள்புரம் கே. சிவராமன். சிதாரை மட்டுமே அறிந்திருந்த மேலைநாட்டுக் கேட்போர் பலர் வீணையின் ஒலியை முதன்முதலில் கேட்டது இத்தகைய தட்டுகள் வழியாகவே.

அவரது வாசிப்பில் தனித்துத் தெரிவது தந்தியை இழுத்து வாசிக்கும் முறையாகும். வீணையில் 24 மெட்டுகள் உள்ளன. ஒரு மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், அந்தச் சுரத்திற்கு மேலுள்ள சுரங்களையும் அங்கிருந்தே எழுப்பலாம். மற்றவர்கள் இரண்டு மூன்று சுரங்களுக்குப் பயன்படுத்திய இவ்வுத்தியைப் பாலச்சந்தர் மிக நெடுந்தொலைவுக்குக் கொண்டு சென்றார். ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த நாதம் அடங்குவதற்குள் ஒரு நீண்ட சொற்றொடரையே இழுத்து முடிப்பார். விரல் மெட்டுக்கு மெட்டு தாவும்போது ஏற்படும் இடைவெளி மறைந்து, வாய்ப்பாட்டுக்கு நெருக்கமான தொடர்ச்சி கிடைத்தது. இளமையில் சிதாரும் தில்ரூபாவும் பழகியதன் பயன் இது என்று கருதலாம். கீர்த்தனைகளைவிட இராக ஆலாபனைக்கும் தானத்திற்கும் அவர் கூடுதல் நேரம் ஒதுக்கினார். 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் வாசித்துப் பதிவு செய்தது அவரது பெரும்பணிகளுள் ஒன்று. மரபான பாணியை விரும்பியோர் இவரது வாசிப்பில் இழுப்பு மிகுதி என்றனர். அவரது கச்சேரிகளுக்குத் தவறாமல் சென்றவர்கள் அதற்காகவே சென்றனர்.

சர்ச்சைகள்

தமக்குச் சரியெனப் பட்டதைச் சொல்வதில் பாலச்சந்தர் எவரையும் பொருட்படுத்தியதில்லை. எம். பாலமுரளிகிருஷ்ணா நான்கு சுரங்கள் மட்டும் கொண்ட புதிய இராகங்களை உருவாக்கியதாகக் கூறியபோது, அவை இராகங்களே அல்ல என்று வெளிப்படையாக எதிர்த்தார்.

1980களில் எழுந்த சுவாதித் திருநாள் சர்ச்சை இதைவிடப் பெரியது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (1813 – 1846) இயற்றியவையாகப் பாடப்படும் கீர்த்தனைகள் அவருடையவை அல்ல என்றும், மன்னர் ஒரு வாக்கேயக்காரர் என்பதே இருபதாம் நூற்றாண்டில் கட்டமைக்கப்பட்ட செய்தி என்றும் அவர் வாதிட்டார். அப்பாடல்களைப் பரப்புவதில் முன்னின்ற செம்மங்குடி சீனிவாச ஐயர் இசையுலகின் மூத்தவர். அவருடனேயே மோத வேண்டியதாயிற்று. பல பாடல்களுக்கு முத்தையா பாகவதரும் செம்மங்குடியும் பிற்காலத்தில் மெட்டமைத்தனர் என்பது பலரும் ஒப்புக்கொண்ட செய்தியே. ஆனால் மன்னர் பாடல்களே இயற்றவில்லை என்ற முடிவை ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பாலச்சந்தர் ஆவணங்களைத் திரட்டினார்; ஆட்சியாளர்களுக்கும் இதழ்களுக்கும் ஓயாமல் மடல்கள் எழுதினார். இறுதி ஆண்டுகளில் அவரது நேரத்தில் பெரும்பகுதியை இவ்வழக்கே எடுத்துக்கொண்டது. நண்பர்கள் பலர் விலகினர். சென்னை மியூசிக் அகாதமி வழங்கும் சங்கீத கலாநிதி விருது அவருக்கு வழங்கப்படவேயில்லை. துப்பறியும் கதைகளில் கொண்டிருந்த ஈடுபாட்டை இசை வரலாற்றிலும் அவர் காட்டினார் என்று சொல்லத் தோன்றும். திரையில் வழக்கை முடித்துவைக்க ஒரு சிவானந்தம் இருந்தார். இங்கே அப்படி எவரும் இல்லை.

மறைவு

1990 ஆம் ஆண்டு ஏப்ரலில் கச்சேரிக்காகப் பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது மாரடைப்பால் ஏப்ரல் 13 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 63. அந்த நாள் வெளியானதும் இதே நாளில்தான், 36 ஆண்டுகளுக்கு முன்னர்.

விக்ரம் சம்பத் எழுதிய பாலச்சந்தரின் விரிவான வாழ்க்கை வரலாறு 2012 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவரது இசைத்தட்டுகளில் பல குறுவட்டாக மறுபதிப்புப் பெற்றுள்ளன. அந்த நாள், பொம்மை, நடு இரவில் ஆகிய மூன்று படங்களும் பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றை முதன்முறையாகப் பார்க்க விரும்புவோர் பொம்மையிலிருந்து தொடங்குவது எளிது. அந்த நாள் படத்தை, மேலே கூறிய கதை முடிவைப் படிக்காமல் பார்ப்பது நல்லது.